மூன்று பட்டியல், மூன்று எண்ணிக்கை: இடம்பெயர்ந்தோரை எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி: ஆயுதக் குழுக்களின் மோதலால் சொந்த ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு உதவும் சிறிய அமைப்பில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் கணக்கு ஒன்று சொல்கிறது. அரசு அலுவலகத்தின் எண்ணிக்கை அதில் பாதிதான். வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தின் அறிக்கையிலோ எங்களுடையதைவிட அதிகம். இதில் எது சரி? எங்கள் பதிவேட்டை மற்றவர்கள் நம்பும்படி வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூன்றும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. மூன்று பேரும் மூன்று வேறு கேள்விகளைக் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடுவதற்கு முன்னால், ஒவ்வொரு எண்ணும் எதை எண்ணியது என்று பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, எண்ணப்பட்டது மனிதர்களா, இடப்பெயர்வுகளா என்பது. ஒரு குடும்பம் ஜனவரியில் ஊரைவிட்டு ஓடி, மார்ச்சில் தங்கியிருந்த பள்ளிக்கூடத்திலிருந்தும் விரட்டப்பட்டு, ஜூனில் மூன்றாவது இடத்துக்குப் போனால், அது மூன்று இடப்பெயர்வு. ஆனால் குடும்பம் ஒன்றுதான். காஸாவில் 2023-இன் கடைசி மூன்று மாதங்களில் 34 லட்சம் இடப்பெயர்வுகள் நடந்ததாக ஜெனீவாவிலுள்ள உள்நாட்டு இடப்பெயர்வு கண்காணிப்பு மையம் பதிவு செய்தது. அந்த ஆண்டு முடிவில் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்கள் 17 லட்சம் பேர். இரண்டும் ஒரே மையத்தின் கணக்கு. முதல் எண் மக்கள் எத்தனை முறை அலைக்கழிக்கப்பட்டார்கள் என்று சொல்கிறது. இரண்டாவது, இன்று எத்தனை பேருக்குச் சோறும் கூரையும் வேண்டும் என்று சொல்கிறது. ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் போட்டால் இரண்டுமே கெட்டுப்போகும்.

உலகக் கணக்கிலும் இதே வேறுபாடு உண்டு. அதே மையத்தின் அறிக்கைப்படி 2024 முடிவில் உலகம் முழுவதும் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்திருந்தவர்கள் 8.34 கோடி பேர். அவர்களில் 7.35 கோடிப் பேர் மோதலாலும் வன்முறையாலும் வெளியேறியவர்கள். ஆனால் அந்த ஓராண்டில் மோதலாலும் வன்முறையாலும் நடந்த இடப்பெயர்வுகள் சுமார் 2 கோடிதான். 7.35 கோடியில் பெரும்பாலானோர் அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே ஓடிவந்து இன்னும் திரும்ப முடியாமல் இருப்பவர்கள். செய்திகளில் 2 கோடி பரபரப்பாக வரும். 7 கோடியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அடுத்தது, அரசு அலுவலகத்தின் பாதி எண்ணிக்கை. அநேகமாக அது பதிவு செய்துகொண்டவர்களின் எண்ணிக்கையாக இருக்கும். ஐ.நா. 1998-இல் வெளியிட்ட உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டும் கொள்கைகளின்படி, வன்முறையாலோ அதற்கு அஞ்சியோ வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்து, நாட்டின் எல்லையைத் தாண்டாமல் இருப்பவர் எல்லோரும் இடம்பெயர்ந்தவர்களே. அதற்கு அட்டை வேண்டாம், முத்திரை வேண்டாம், முகாமில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பதிவு செய்யாதவரும் இடம்பெயர்ந்தவர்தான். ஆனால் ஆயுதம் ஏந்தியவர்களிடமிருந்து தப்பி வந்தவர் அரசு அலுவலகத்தில் பெயர் கொடுக்கப் பயப்படுவார். அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாது. பலரிடம் அடையாள ஆவணம்கூட இருக்காது.

பதிவேடு எதற்காக வைக்கப்படுகிறது என்பதும் எண்ணை மாற்றும். கொலம்பியாவில் ஆயுத மோதலால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தேசியப் பதிவேடு இருக்கிறது. 1985 முதல் நடந்த இடப்பெயர்வுகளுக்காக அதில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இழப்பீட்டு உரிமைக்கான பதிவு என்பதால், ஒருவர் புதிய இடத்தில் வேரூன்றி நன்றாக வாழத் தொடங்கிய பிறகும் பெயர் அதில் இருக்கும். இருக்கவும் வேண்டும். அந்த எண்ணை "இன்று இடம்பெயர்ந்து வாழ்பவர்கள்" என்று படித்தால்தான் தவறு.

வெளி நிறுவனத்தின் பெரிய எண் பெரும்பாலும் மதிப்பீடாக இருக்கும். புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு 2004-இல் இராக்கில் தொடங்கி இன்று பல நாடுகளில் கையாளும் முறை இது: ஒவ்வொரு இடத்திலும் ஊர்த் தலைவர், ஆசிரியர், சுகாதாரப் பணியாளர் என விவரம் தெரிந்த பலரிடம் தனித்தனியாகக் கேட்டு, பதில்களை ஒப்பிட்டு, நேரிலும் பார்த்து ஓர் எண்ணுக்கு வருவார்கள். வேகமான முறை. பெரிய பரப்பையும் எட்டலாம். ஆனால் வீடு வீடாக எண்ணியது அல்ல. உக்ரைனில் அதே அமைப்பு 2022 மார்ச்சில் தொடங்கி தொலைபேசி வழியாக மாதிரி ஆய்வு நடத்தியது. அதிலும் தொலைபேசி இல்லாதவர்களும் இணைப்பு துண்டிக்கப்பட்ட பகுதிகளில் இருப்பவர்களும் விட்டுப்போவார்கள். எந்த முறையிலும் யாராவது விடுபடுவார்கள். யார் விடுபட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் அறிக்கையைத்தான் நான் நம்புவேன்.

குடும்பங்களை எண்ணி, ஒரு சராசரியால் பெருக்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 400 குடும்பங்களை ஐந்தால் பெருக்கினால் 2,000. மூன்றரையால் பெருக்கினால் 1,400. களத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே 600 பேர் கூடவோ குறையவோ முடியும்.

இதையெல்லாம் நுணுக்கமாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், இந்த எண்தான் எத்தனை மூட்டை அரிசி வரும் என்று தீர்மானிக்கிறது. 2009-இன் தொடக்க மாதங்களில் வன்னியில் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று இலங்கை அரசு சொன்னது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கையொட்டியே அனுப்பப்பட்டன. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2.8 லட்சம் பேர். ஐ.நா. பொதுச்செயலர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் இதைத் தன் அறிக்கையில் பதிவு செய்தது. எண்ணைக் குறைத்தால் பட்டினி வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இனி உங்கள் பதிவேட்டுக்கு வருவோம்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீங்கள் எழுத வேண்டியது கொஞ்சம்தான். எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள், எப்போது கிளம்பினார்கள், இங்கே எப்போது வந்தார்கள், நடுவில் எங்கெல்லாம் தங்கினார்கள், இப்போது உறவினர் வீடா, வாடகையா, பொதுக் கட்டடமா, திறந்தவெளியா, குடும்பத்தில் எந்த வயதில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள். இவற்றோடு, இந்தத் தகவலை யார் சொன்னார், எந்தத் தேதியில் என்பதும் வேண்டும். கடைசிக் குறிப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தேதி இல்லாத எண்ணை மூன்று மாதம் கழித்து எதனோடும் ஒப்பிட முடியாது.

குடும்பம் முழுதாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தங்கள் குழுவில் சேரச் சொல்லி மிரட்டுகிறார்கள் என்று மூத்த மகனை மட்டும் முதலில் அனுப்பியிருப்பார்கள். நிலத்தைப் பார்த்துக்கொள்ள அப்பா ஊரிலேயே இருப்பார். அதனால் "குடும்பத்தில் எத்தனை பேர்" என்று கேட்டுவிட்டு, "அதில் இங்கே இருப்பவர்கள் எத்தனை பேர்" என்று தனியாகக் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். "நீங்கள் இடம்பெயர்ந்தவரா?" என்றால் பலர் இல்லை என்பார்கள். வேலை தேடி வந்தோம், பிள்ளை படிப்புக்கு வந்தோம் என்பார்கள். அந்த நேரத்தில் அதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பான பதில். "போன ஆண்டு இதே மாதம் எங்கே குடியிருந்தீர்கள்? ஏன் மாறினீர்கள்? நினைத்தால் திரும்பிப் போக முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை மெதுவாக வரும். மெக்சிகோவின் புள்ளியியல் நிறுவனம் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி நடத்தும் ஆண்டு ஆய்வில், குற்றத்திலிருந்து தப்பிக்க வீடு மாறினீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. இடப்பெயர்வு என்ற சொல்லையே எடுக்காமல் அதைப் பிடிக்கும் வழி இது.

போரைவிட, குழுக்கள் பணம் பறிப்பதும் மிரட்டுவதும் நடக்கும் இடங்களில் எண்ணுவது இன்னும் கடினம். ஒரே நாளில் ஊரே காலியாவதில்லை. இன்று ஒரு வீடு, அடுத்த வாரம் இரண்டு வீடு என்று சத்தமில்லாமல் பூட்டப்படும். ஹோண்டுராஸில் இப்படித்தான் நடந்தது. அங்கே 20 நகராட்சிகளில் முறையாக ஆய்வு செய்த பிறகுதான் 2004 முதல் 2014 வரை சுமார் 1,74,000 பேர் வன்முறையால் இடம்பெயர்ந்திருந்தது தெரியவந்தது. முகாம் எதுவும் இல்லை, கூட்டமாக நடந்துபோகும் படமும் இல்லை. பள்ளிகளில் ஆண்டின் நடுவே சேர்ந்த, நின்ற மாணவர் எண்ணிக்கை, சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வருபவர்கள், பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்தால் இந்த மாதிரி நகர்வு உங்கள் கண்ணிலும் படும். உறவினர் வீடுகளில் ஒண்டியிருப்பவர்களையும் இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். முகாமை மட்டும் எண்ணும் பட்டியலில் அவர்கள் வரவே மாட்டார்கள்.

சரி, உள்ளே சேர்ப்பது ஒரு வேலை என்றால், பட்டியலிலிருந்து நீக்குவதுதான் இதில் ஆகக் கடினமான வேலை. நிவாரணம் வாங்க இந்த மாதம் வரவில்லை என்பதற்காகப் பெயரை அடித்துவிடாதீர்கள். அவர்கள் வேறு இடத்துக்கு ஓடியிருக்கலாம். "ஊர் திரும்பினார்கள்", "வேறு இடத்துக்குப் போனார்கள்", "இங்கேயே நிலையாகக் குடியேறினார்கள்", "தெரியவில்லை" என்று தனித்தனி வகை வையுங்கள். "தெரியவில்லை" என்ற வகை பெருகுவதைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். அதைத் "திரும்பினார்கள்" என்பதற்குள் தள்ளிவிடுவதுதான் ஆபத்து. அப்படித் தள்ளினால் அடுத்த அறிக்கையில் நிலைமை சீரானதாகத் தெரியும், உதவியும் நிற்கும்.

முகாம் மூடுவதும் முடிவல்ல. 2012 செப்டம்பரில் இலங்கையின் வவுனியாவிலிருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் சொந்த ஊருக்குப் போகவில்லை. அவர்களுடைய நிலத்தில் ராணுவம் இருந்தது. சீனியாமோட்டையில் குடியமர்த்தப்பட்டார்கள். முகாம் கணக்கில் அவர்கள் பூஜ்யம், உண்மையில் இடம்பெயர்ந்தவர்கள்தான். எப்போது ஒருவரை நீக்கலாம் என்பதற்கு ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020-இல் ஏற்ற பரிந்துரைகள் உதவும். பாதுகாப்பு, வாழ்க்கைத் தரம், பிழைப்பு, வீடு-நிலம்-சொத்து உரிமை, ஆவணங்கள் ஆகியவற்றில் இடப்பெயர்வால் வந்த குறை தீர்ந்ததா என்று பார்க்கச் சொல்கின்றன அவை. சின்ன அமைப்பால் இதையெல்லாம் அளக்க முடியாது என்பது புரிகிறது. குறைந்தபட்சம் நிலமும் பாதுகாப்பும் திரும்பக் கிடைத்தனவா என்று கேட்டு எழுதலாம்.

ஒரே குடும்பம் இரண்டு முறை பதிவாவதைத் தவிர்க்கப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை. புறப்பட்ட பகுதி, வந்த மாதம், குடும்பத் தலைவரின் வயது, ஆள் எண்ணிக்கை நான்கும் ஒத்துப்போகும் பதிவுகளை மட்டும் எடுத்து நேரில் சரிபார்த்தால் பெரும்பாலும் போதும். பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் அதைத் தனிக் கோப்பில், குறியீட்டு எண்ணோடு, வேறு ஒருவர் பொறுப்பில் வையுங்கள். தன்னார்வலர்கள் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது கைபேசியில் பட்டியல் இருக்கவே கூடாது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பவும் கூடாது. வீட்டின் ஜி.பி.எஸ். இடக்குறி, குடும்பப் புகைப்படம், எந்தக் குழு மிரட்டியது என்ற விவரம், இனம், அரசியல் சார்பு எதையும் இந்தப் பதிவேட்டில் எழுதாதீர்கள். வெளியே கொடுப்பது பெரிய பகுதி வாரியான மொத்த எண் மட்டும். ஒரு குக்கிராமத்திலிருந்து மூன்று குடும்பம்தான் வந்திருக்கிறது என்றால் அந்தக் கிராமத்தின் பெயரை அறிக்கையில் போடாதீர்கள். தேடி வருபவர்களுக்கு அதுவே போதும். பதில் சொல்ல மறுப்பவருக்கும் உதவி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணக்கு கொஞ்சம் குறைவது ஓர் ஆள் மாட்டிக்கொள்வதைவிட மேல். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அப்புறம், மூன்று பட்டியலையும் ஒப்பிடும்போது மொத்தத்தை வைத்து வாதாடாதீர்கள். அரசு அலுவலரோடும் அந்த நிறுவனத்தோடும் உட்கார்ந்து பகுதி பகுதியாக, ஒரே தேதிக்குப் பாருங்கள். வித்தியாசம் எல்லா இடத்திலும் பரவியிருக்காது. ஒன்றிரண்டு இடங்களில் குவிந்திருக்கும். அங்கே மூவரும் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். உங்கள் அறிக்கையில் எண்ணுக்கு முன்னால், "இந்தத் தேதி நிலவரப்படி, நாங்கள் நேரில் சென்ற இந்தப் பகுதிகளில், இடம்பெயர்ந்து வாழ்வோர்" என்று எழுதுங்கள். போக முடியாத பகுதிகளின் பெயரையும் அடியில் சேருங்கள். அங்கே பூஜ்யம் போடாமல் "செல்லவில்லை" என்று எழுத வேண்டும்.

பதிவு எடுக்கப் போகும்போது, காணாமல் போன மகனைப் பற்றியும் பிரிந்த அம்மாவைப் பற்றியும் உங்களிடம் கேட்பார்கள். அந்தத் தேடலை இந்தப் பட்டியலை வைத்துச் செய்ய முயலாதீர்கள். குடும்பங்களை மீண்டும் சேர்க்கும் பணியைச் செஞ்சிலுவைச் சங்கமும் செம்பிறைச் சங்கமும் பல நாடுகளில் செய்கின்றன. அதற்கான நடைமுறையும் ரகசியக் காப்பும் அவர்களிடம் இருக்கின்றன. அருகிலுள்ள அவர்களுடைய அலுவலகத்தின் விவரத்தைக் கையில் வைத்திருந்து, கேட்பவரிடம் கொடுங்கள். தாமாகப் போக முடியாதவர் என்றால் உடன் ஒருவரை அனுப்புங்கள்.