மலைப் பயணத்துக்கு மருந்துப் பை: எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: கோடை விடுமுறையில் காரில் ஏற்காடு சென்று இரண்டு நாள் தங்கவிருக்கிறோம். மகளுக்கு 2 வயது, எடை 12 கிலோ. மகனுக்கு 5 வயது. மாமனாரும் மாமியாரும் உடன் வருகிறார்கள். கடையில் விற்கும் முதலுதவிப் பெட்டியே போதுமா? வீட்டில் மீதமிருக்கும் இருமல் மருந்தையும் ஆன்டிபயாடிக்கையும் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கடைப் பெட்டியை வாங்குவதில் தவறில்லை. ஆனால், குழந்தைக்கான காய்ச்சல் மருந்தும் ஓஆர்எஸ் பொட்டலமும் பொதுவாக அதில் இருப்பதில்லை. பயணத்தில் முதலில் தேவைப்படுபவை அவைதாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். அதில் கவனிக்க வேண்டியது மருந்தின் அடர்த்தி. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும், அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் விற்கப்படுகின்றன. சொட்டு மருந்தோ இரண்டையும் விட அடர்த்தியானது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு. அதன்படி உங்கள் மகளுக்கு முதல் வகையில் 5 மில்லி சரியாக இருக்கும். இரண்டாம் வகையில் அதே 5 மில்லி அளவுக்கு மீறியதாகிவிடும். ஆகவே, கிளம்பும் முன் உங்கள் குழந்தைநல மருத்துவரிடம் பாட்டிலையே காட்டி, இரு குழந்தைகளுக்கும் எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதி வாங்கி, அந்தத் தாளைப் பாட்டிலோடு ரப்பர் பேண்டு போட்டு வைத்துவிடுங்கள். நள்ளிரவில் விடுதி அறையில் காய்ச்சலோடு அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யாராலும் கணக்குப் போட முடியாது. அளப்பதற்கு ஊசியில்லாத சிரிஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்; சமையலறைக் கரண்டி வேண்டாம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும் அவசியம்.

இருமல் மருந்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. 5 வயது வரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. மீந்த ஆன்டிபயாடிக்கையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தண்ணீர் கலந்த பிறகு அந்த மருந்துகள் பல ஒரு வாரம்தான் தாங்கும். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குத் தரவே கூடாது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வர வாய்ப்புண்டு. வாந்தி நின்று பத்து நிமிடம் கழித்து, ஓஆர்எஸ் கரைசலைக் கரண்டி கரண்டியாக, இடைவெளி விட்டுக் கொடுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதில் பாதியைத் தம்ளரில் கொட்டிக் கரைத்தால் உப்பின் அளவு மாறிவிடும். பயணத்துக்கு 200 மில்லிக்கான சிறிய பொட்டலங்களே வசதி. பழச்சுவையில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று ஆகா. உரிய சேர்மானம் இல்லாத பானங்களில் ஓஆர்எஸ் என்ற பெயரைப் பயன்படுத்த, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடை விதித்தது.

காயங்களுக்குக் காஸ் துணி, ஒட்டும் டேப், பிளாஸ்திரி, க்ரேப் பேண்டேஜ், கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி, போவிடோன் அயோடின் களிம்பு ஆகியவை போதுமானவை. புண்ணின் மேல் பஞ்சை வைக்காதீர்கள். இழைகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது குழந்தை துடித்துவிடும்.

இவற்றோடு, காரில் ஒரு கேன் தண்ணீரும் சோப்பும் கட்டாயம் இருக்கட்டும். சிராய்ப்பை முதலில் கழுவ வேண்டும். சூடான தேநீர் கொட்டிவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பற்பசையோ மையோ தடவக் கூடாது. மலைப்பாதையில் குரங்குகள் தின்பண்டத்துக்காகக் குழந்தையின் கைக்கே பாயும். குரங்கோ நாயோ கடித்தாலும், லேசாகக் கீறினாலும்கூட, சோப்பு போட்டு 15 நிமிடம் நீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்காக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இதில் தாமதம் செய்யவே வேண்டாம்.

பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தனிப் பையில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு சர்க்கரை மாத்திரைகூட 2 வயதுக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடலாம். விடுதியில் கைப்பையைக் கட்டிலின் மேல் திறந்து போடுவது நம் வீடுகளில் வழக்கம் என்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

மருந்துப் பையை டிக்கியில் போடாமல் இருக்கைக்கு அருகில் வையுங்கள். வண்டியை வெயிலில் நிறுத்தும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழந்தை எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ பையைத் திறந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள்.