1967 கார்வெட்: எஞ்சின் எண் சரியாக இருப்பது மட்டும் போதாது

நண்பரே, ஒஹாயோவில் பார்த்த 1967 கார்வெட் (செவர்லே ஸ்போர்ட்ஸ் கார்) அசல் 427/435, அதாவது 427 கன அங்குல, 435 குதிரைத்திறன் எஞ்சின் கொண்டது என்று விற்பவர் சொல்வதையும், எஞ்சினில் குத்திய எண் வண்டியின் எண்ணோடு பொருந்துவதையும் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆண்டு வண்டியின் அடையாள எண்ணில் (VIN) எந்த எஞ்சின் பொருத்தப்பட்டது என்ற தகவலே கிடையாது. 1972இல்தான் அது சேர்ந்தது. அதனால்தான் சாதாரண வண்டியை 435 குதிரைத்திறன் வண்டியாக மாற்றி விற்பது இவ்வளவு எளிதாகிவிட்டது.

வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் எண் குத்திய சிறு மேடை இருக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய இணைகோடுகள் முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். மேடை வழவழப்பாகவோ, குறுக்கே தேய்த்ததாகவோ இருந்தால் பழைய எண்ணை அழித்துப் புதிதாகக் குத்தியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். "டி 0412 ஜேஇ" போன்ற குறியில் டி என்பது டோனவாண்டா ஆலை, 0412 என்பது எஞ்சினைக் கோத்த ஏப்ரல் 12, ஜேஇ என்பது எஞ்சின் வகைக் குறி. பிளாக்கை (எஞ்சினின் முக்கிய உடற்பகுதியை) வார்த்த தேதி இதற்கு முந்தையதாக இருந்தே ஆக வேண்டும். இந்த இடத்தில்தான் பல போலிகள் மாட்டிக்கொள்கின்றன.

எரிபொருள் டேங்கின் மேல் தொழிற்சாலையில் ஒட்டிய ஆர்டர் தாள் (வண்டி எந்த எஞ்சினோடு கேட்கப்பட்டது என்ற விவரம் உள்ளது) எஞ்சியிருந்தால் அது பெரிய சான்று. ஆனால் அதற்கும் போலி உண்டு. டேங்கை இறக்கிப் பார்க்க விற்பவர் மறுத்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விலகிவிடுங்கள். மேடையின் படத்தை நெருக்கமாக எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.