யாருடைய ஈசோல்டேயை முதலில் கேட்பது?

கேள்வி: ஒரு படத்தின் பின்னணியில் வந்த 'லீபெஸ்டோட்' என்ற ஓபரா பாட்டு மனதைப் பிடித்துக்கொண்டது. செயலியில் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. பத்துப் பேர் பாடியதும் பத்து விதமாக இருக்கிறது. 1952ஆம் ஆண்டுப் பதிவுக்கு ஈடு கிடையாது என்கிறார் ஒரு நண்பர். அதைப் போட்டால் பழைய வானொலி மாதிரி மங்கலாகக் கேட்கிறது. ஜெர்மன் ஓபராவின் பெண் குரல்களை முறையாகக் கேட்கத் தொடங்க எந்தப் பதிவை வாங்கலாம்? ஜெர்மன் தெரியாதது பெரிய தடையா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பதிவை உங்களுக்கு முதலில் கொடுத்திருக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஓபரா மேடையில் மைக் கிடையாது. நீங்கள் கேட்ட பாட்டு வரும், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'டிரிஸ்டன் உண்ட் ஈசோல்டே'வில் ஒரு பெரிய இசைக்குழு முழு வேகத்தில் வாசிக்கும்போது, ஒரு பெண் தன் தொண்டையை மட்டும் நம்பி அதைத் தாண்டிக் கேட்க வேண்டும். இத்தாலிய ஓபராவில் பாட்டு வரும் இடத்தில் வாத்தியங்கள் பெரும்பாலும் ஒதுங்கி வழிவிடும். வாக்னரும் ரிச்சர்ட் ஸ்டிராஸும் அப்படி விடுவதில்லை. பதிவு என்று வந்துவிட்டால் இந்தப் போட்டியின் முடிவை மைக் வைத்த இடமும் தீர்மானிக்கிறது. அதனால் பாடகியின் பெயரைப் பார்க்கும் முன்னால், இது மேடையில் எடுத்ததா, ஸ்டுடியோவில் எடுத்ததா என்று பாருங்கள். நீங்கள் கேட்ட பத்தும் பத்து விதமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

உங்களைப் பிடித்துக்கொண்ட ஈசோல்டே பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1865 ஜூன் 10 அன்று மியூனிக்கில் முதலில் மேடையேறிய ஓபரா இது. நீங்கள் கேட்டது அதன் கடைசி ஏழு நிமிடம். வாக்னர் அந்த இடத்துக்கு 'லீபெஸ்டோட்' (காதல் சாவு) என்று பெயர் வைக்கவில்லை, 'உருமாற்றம்' என்ற பொருளில் வேறு சொல்லைத்தான் சொன்னார். இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட் தன் பியானோ வடிவத்துக்கு வைத்த பெயர் பிறகு பாட்டோடு ஒட்டிக்கொண்டது.

உங்கள் நண்பர் சொன்ன 1952 பதிவு லண்டனில் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. இசைக்குழுவை நடத்தியவர் ஃபுர்ட்வெங்ளர், பாடியவர் நார்வேயின் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். அப்போது அவருக்கு 57 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நடு ஸ்தாயியில் அந்தக் குரலுக்கு இருக்கும் அகலம் வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை, நிறைந்த கண்மாய் மாதிரி அசையாமல் நிற்கும். உச்சி மட்டும் அந்த வயதில் பிடி கொடுக்கவில்லை. இரண்டாம் அங்கத்தில் டிரிஸ்டன் ஓடி வரும் இடத்தில் ஈசோல்டேவுக்கு இரண்டு மேல் 'சி' வருகிறது. அந்த இரண்டையும் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் பாடிக் கொடுத்தார். விஷயம் வெளியே கசிந்தபோது ஃபிளாக்ஸ்டாட் மனம் நொந்துபோனார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பதிவில் அவை இரண்டே சுரங்கள். ஆனால் இது மோனோ பதிவு, எல்லா ஒலியும் ஒரே தடத்தில். குரலின் அகலத்தைக் காது தேடிப் போய்த்தான் பிடிக்க வேண்டும். புதிதாகக் கேட்பவருக்கு அந்தப் பழக்கம் வரச் சில மாதம் ஆகும். உங்களுக்கு மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் முதலில் வாங்க வேண்டியது 1966 பைராய்ட் பதிவு என்பேன். நடத்தியவர் கார்ல் பேம், ஈசோல்டே ஸ்வீடனின் பிர்கிட் நில்சன், டிரிஸ்டன் வொல்ஃப்காங் விண்ட்காஸன். வாக்னர் தன் படைப்புகளுக்கென்றே கட்டிய பைராய்ட் அரங்கில் இசைக்குழு மேடைக்கு அடியில், ஒரு மூடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். வாத்தியங்களின் ஒலி முதலில் மேடைப் பக்கம் திரும்பி, பாடுபவரின் குரலோடு கலந்து, அதற்குப் பிறகுதான் பார்வையாளரிடம் வரும். குரல் மூழ்குவதில்லை. ஸ்டீரியோவில் எடுத்திருப்பதால் வாத்தியங்களும் தெளிவாகவே இருக்கின்றன. நில்சனின் குரல் ஃபிளாக்ஸ்டாடின் குரலுக்கு நேர் எதிர். ஒல்லியான, கூரான, பளபளக்கும் குரல். உச்சிக்குப் போகப் போக அது பெரிதாகும். பேம் வேகமாக நடத்துகிறார், ஓர் அங்கத்துக்கு ஒரு சி.டி. என்று மூன்றே சி.டி.யில் முடிந்துவிடும். மூன்றாம் அங்கத்துக்கு வரும்போது எல்லோரும் களைத்திருப்பதும் கேட்கும். அது கதைக்குப் பொருந்துகிறது.

மூன்றாவதாக ஒன்று. 1980க்கும் 1982க்கும் இடையில் டிரெஸ்டனில் கார்லோஸ் கிளைபர் நடத்தி எடுத்த ஸ்டுடியோ பதிவு. வேல்ஸ் நாட்டுப் பாடகி மார்கரெட் பிரைஸ் இதில் ஈசோல்டே. மேடையில் அவர் இந்தப் பாத்திரத்தை ஒருமுறைகூடப் பாடியதில்லை. பாடியிருந்தால் மூன்றாவது வரிசையைத் தாண்டிக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். மோட்சார்ட் பாடிப் பழகிய மென்மையான குரல் அது. மைக் பக்கத்தில் இருந்ததால் மட்டுமே சாத்தியமான ஈசோல்டே. பதிவு முடியும் முன்பே கிளைபர் வெளியேறிவிட்டார், கையில் இருந்த பகுதிகளை வைத்து நிறுவனம் முழுமையாக்கியது. அதற்குப் பிறகு அவர் ஸ்டுடியோவில் வேறு ஓபரா எதுவும் பதிவு செய்யவில்லை. 'மைக்கின் உதவியால் வந்த குரல்' என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓர் அயர்லாந்து இளவரசி, காதலில் விழுந்த இளம்பெண், இப்படித்தான் பேசியிருப்பாள் என்று நம்ப வைக்கும் ஒரே ஈசோல்டே எனக்கு இவர்தான்.

இந்த மூன்றையும் ஒப்பிட லீபெஸ்டோட் சரியான இடம் இல்லை. அங்கே எல்லோருமே நன்றாகப் பாடிவிடுவார்கள். முதல் அங்கத்துக்குப் போங்கள். கப்பலில் ஈசோல்டே தன் தோழி பிராங்கேனேயிடம் பழைய கதையைச் சொல்கிறாள். தன் வருங்காலக் கணவனைக் கொன்றவன் காயத்தோடு தன்னிடமே மருத்துவத்துக்கு வந்து கிடந்தான். யார் என்று கண்டுபிடித்ததும் வாளை ஓங்கினாள். அவன் வாளைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. 'ஏர் ஸா மீர் இன் டீ அவ்கன்', என் கண்களைப் பார்த்தான் என்கிறாள். அதுவரை கொதித்துக்கொண்டிருந்த இசைக்குழு அப்படியே அடங்கி, வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று மட்டும் இழையும். ஃபிளாக்ஸ்டாட் அந்த வரியை மன்னித்துவிட்ட பெண்ணாகப் பாடுகிறார். நில்சன் தன்மேலேயே கோபம் தணியாதவளாகப் பாடுகிறார். பிரைஸ் அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்ப்பதுபோல் பாடுகிறார். அடுத்த சில நிமிடத்தில் வரும் சாபத்தில், 'டோட் உன்ஸ் பைடன்', நம் இருவருக்கும் சாவு என்ற இடத்தில், நில்சனை யாரும் நெருங்க முடியாது. இந்தப் பத்து நிமிடத்தை மூன்று பேர் குரலிலும் ஒரே இரவில் கேளுங்கள். உங்களுக்கு எந்தக் குரல் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். சொப்ரானோ என்ற உயர்ந்த பெண் குரலில் உச்சியில் வரும் வார்த்தைகள் ஜெர்மானியருக்கே புரியாது. இது உச்சரிப்புக் குறை இல்லை. 'இ', 'உ' போன்ற உயிரொலிகளை நம் வாய் உண்டாக்குவது சுமார் 300 ஹெர்ட்ஸில் இருக்கும் ஓர் ஒத்ததிர்வால். மேல் 'ஏ' சுரமோ 880 ஹெர்ட்ஸ். சுரமே அந்த இடத்தைத் தாண்டி மேலே போய்விடுகிறது. குரல் பெரிதாகக் கேட்க வேண்டுமானால் பாடகி தாடையை இறக்கி, வாயின் ஒத்ததிர்வைச் சுரத்தின் உயரத்துக்கே கொண்டுவர வேண்டும். அப்போது எல்லா எழுத்தும் 'ஆ' மாதிரிதான் ஒலிக்கும். ஆகவே பாடல் வரிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். கீழ் ஸ்தாயியிலும் நடு ஸ்தாயியிலும் வரும் சொற்களை இரண்டு மூன்று முறை கேட்டால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். வாக்னர் எழுதிய வரிகளில் மோனை நிறைய வருவதால் நமக்கு அது இன்னும் எளிது.

நான்கு மணி நேரம் மலைப்பாக இருந்தால் வேறு வாசல் ஒன்று இருக்கிறது. வாக்னரின் 'டி வால்க்கூரே' முதல் அங்கம், ஒரு மணி நேரம், மூன்றே பாத்திரங்கள். 1935இல் வியன்னாவில் புரூனோ வால்டர் நடத்த, லொட்டே லேமன் சீக்லிண்டேயாகப் பாடிய பதிவு. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் நடத்த முடியாமல் வியன்னா வந்து சேர்ந்தவர் வால்டர். ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகப் பிடிக்கும் பழைய தட்டுகளில், நிறுத்தி நிறுத்தி எடுத்த பதிவு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு ஓட்டம். லேமனின் மூச்சு சில இடங்களில் முட்டுகிறது. அந்த முட்டல்கூட அச்சத்தில் வாழும் அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாகிவிடுகிறது. மங்கலான ஒலிக்குக் காதைப் பழக்க இதைவிட நல்ல பதிவு எனக்குத் தெரியாது.

அதே லேமனை ஸ்டிராஸின் 'டெர் ரோசன்கவாலிய'ரில் மார்ஷலின் என்ற சீமாட்டியாக 1933 பதிவில் கேட்கலாம். சுருக்கிய வடிவம்தான். கடைசியில் மார்ஷலின் 'யா, யா' என்று இரண்டே சொல் சொல்லிவிட்டுப் போவாள். அதைப் பதிவு செய்யும்போது லேமன் கிளம்பிவிட்டிருந்தார், சோஃபி பாத்திரம் பாடிய எலிசபெத் ஷூமன்தான் அதையும் சொன்னார். முழு ஓபரா வேண்டுமென்றால் 1956இல் கராயன் நடத்திய ஸ்டீரியோ பதிவு. அதில் ஷ்வார்ட்ஸ்கோஃப், நடுராத்திரியில் எழுந்து வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் நிறுத்திவிடுவேன் என்று சொல்லும் இடத்தில், பின்னால் ஹார்ப்பும் செலஸ்டாவும் மணி அடிக்கும். வயது ஏறுவதைப் பற்றி இதைவிட அமைதியாக யாரும் பாடி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லையும் அவர் அளவுக்கு மீறி செதுக்குகிறார் என்ற புகார் உண்டு. சில பக்கங்களில் அது உண்மைதான்.

ஸ்டிராஸின் 'ஸலோமே' கடினம். பதினாறு வயதுப் பெண், ஆனால் ஈசோல்டேயின் குரல் வேண்டும் என்றார் ஸ்டிராஸ். நில்சன் 1961இல் ஷோல்டி நடத்தப் பாடிய பதிவில் குரல் இருக்கிறது, வயது இல்லை. ஹில்டெகார்ட் பேரன்ஸ் 1970களின் கடைசியில் கராயனோடு எடுத்ததில் இரண்டும் ஓரளவு இருக்கின்றன. லியூபா வெலிச் 1944இல் வியன்னா வானொலிக்குப் பாடிய கடைசிக் காட்சியில் இரண்டும் முழுதாக இருக்கின்றன, ஆனால் கால் மணி நேரம்தான்.

மெல்லிய குரல்கள் பிடிக்குமென்றால் வெபரின் 'டெர் ஃப்ரைஷூட்ஸ்'. அகாதே ஜன்னலோரம் நின்று பாடும் 'லைஸே, லைஸே'வை எலிசபெத் குரூமர் 1958 பதிவில் பாடியது இன்றைக்கும் முதலிடம். 1973இல் கிளைபர் நடத்தியதில் குண்டுலா யானோவிட்ஸும் அருமை. ஆனால் அதில் வசனங்களை நடிகர்கள் தனியாகப் பேசியிருக்கிறார்கள், பாட்டு முடிந்ததும் ஆள் மாறிய மாதிரி இருக்கும். மோட்சார்டின் 'மாயப் புல்லாங்குழ'லில் இரவு ராணிக்கு எட்டா மோசர். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தட்டில் அவர் பாடிய அந்த ஆவேசப் பாட்டு இருக்கிறது. அதே தட்டில்தான் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. இரண்டு பெண்களும் சூரிய மண்டலத்துக்கு வெளியே சேர்ந்து போய்க்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான பதிவுகளுக்கு உரிமை காலாவதியாகிவிட்டது. அதனால் 1952 டிரிஸ்டன் பல நிறுவனங்களின் பெயரில், பல விலையில் கிடைக்கிறது. இரைச்சலைச் சுத்தமாக நீக்கியது என்று போட்ட ஒரு மலிவுப் பெட்டியை நான் ஒருமுறை வாங்கினேன். இரைச்சல் போயிருந்தது, கூடவே ஃபிளாக்ஸ்டாட் குரலின் மேல்பகுதியும் போயிருந்தது, கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல. பழைய தட்டின் 'ஸ்ஸ்' ஓசை கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும், பத்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். நீங்கள் கேட்ட 1952கூட அப்படிப்பட்ட ஒரு நகலாக இருக்கலாம். வேறு நகல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

செயலியில் தேடும்போது பாட்டின் பெயரைப் போடாதீர்கள். நடத்தியவர் பெயர், ஓபரா, ஆண்டு, மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் வசதியும், ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியும் இருந்தால் இரண்டையும் அணைத்துவிடுங்கள். முதலாவது, ஒரே ஓட்டமாகப் போகும் ஓபராவில் இணைப்புகளைக் கெடுக்கும். இரண்டாவது, மெல்லிய இடங்களைத் தூக்கிவிட்டு நில்சனின் உச்சியைத் தட்டையாக்கிவிடலாம்.

அப்புறம், லீபெஸ்டோடைக் கேட்கும்போது ஒரு சின்ன வேண்டுகோள். 'ஹேக்ஸ்டே லுஸ்ட்' என்று ஈசோல்டே மெதுவாக முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஓபராவின் முதல் நிமிடத்தில் தீராமல் தொங்கிய அந்த நான்கு சுரம் அதற்குப் பிறகு ஓபோ என்ற ஊதுவாத்தியத்தில் திரும்ப வரும். இந்தமுறை அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.