பேசாமல் கையெழுத்துப் போடச் சொல்லட்டுமா?

மகளுக்கு வேலை கிடைத்திருக்கும் நிறுவனத்தில், அவளோடு படித்த பையனுக்கு அதே வேலைக்குப் பத்து சதவீதம் கூடுதல் சம்பளம் என்று தெரிந்ததிலிருந்து தூக்கமில்லை என்கிறீர்கள். அதே மூச்சில், "கேட்டால் வேலையே போய்விடுமோ, பேசாமல் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லட்டுமா?" என்றும் கேட்கிறீர்கள். வேண்டாம் சார், கேட்கச் சொல்லுங்கள்.

அவளுக்கு 100, அவனுக்கு 110 என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு. பத்து ஆண்டில் அவள் 216-இல் இருப்பாள், அவன் 237-ஐத் தாண்டியிருப்பான். இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல்! இடையில் யாரும் புதிதாக ஓரவஞ்சனை செய்யவில்லை. வேறு வேலைக்குப் போனாலும், "இப்போது என்ன வாங்குகிறீர்கள்?" என்ற கேள்வியோடு பழைய குறைவும் கூடவே வரும்.

அமெரிக்காவில் லில்லி லெட்பெட்டர் ஒரு டயர் ஆலையில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தார். ஆண்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்பது, யாரோ பெயர் போடாமல் வைத்த துண்டுச் சீட்டில்தான் தெரியவந்தது. அவர் போட்ட வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம், புகார் செய்யும் காலக்கெடு தாண்டிவிட்டது என்று கைவிரித்தது. 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. உங்கள் மகளுக்குச் சேரும் முன்பே தெரிந்துவிட்டது. அதுவே பெரிய லாபம்.

பையனை இழுக்க வேண்டாம். "இந்தப் பணிக்கான ஊதிய வரம்பு என்ன? என் தொகை அதில் எங்கே வருகிறது?" என்று மனிதவளத் துறைக்கு இரண்டே வரி மெயில் போதும். அப்புறம் காத்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பதில் வருவதற்குள், "பரவாயில்லை, இதுவே போதும்" என்று தாங்களே இறங்கிவிடுகிறார்கள். பையன் அங்கேயே பயிற்சியில் இருந்தவன் என்பது போல நியாயமான காரணமும் இருக்கலாம். இருந்தால் சொல்லட்டும். மரியாதையான ஒரு கேள்விக்காக, தேடிப் பிடித்த ஆளை விடுவது அபூர்வம். ஆனால் ஆண் கேட்டால் விவரமானவன், பெண் கேட்டால் திமிர் என்று பார்ப்பவர்கள் உண்டு. அதையும் அவளிடம் மறைக்காதீர்கள்.

சரி, இன்னொன்று. ஆண், பெண் சம்பள இடைவெளி பெரிதாவது முதல் குழந்தைக்குப் பிறகுதான் என்று காட்டியவர் கிளாடியா கோல்டின். 2023-இல் பொருளாதார நோபல் பெற்றவர். ஒருவர் வேலையை இன்னொருவர் எளிதில் ஏற்றுக்கொள்ளக்கூடிய மருந்தாளுநர் பணியில் இடைவெளி குறைவு என்பதும் அவர் ஆய்வில் வந்ததே. எனவே, விடுப்பில் போனால் வேலையை யார் பார்ப்பார்கள், திரும்பி வந்தவர்கள் எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் பெண்களிடம் விசாரிக்கட்டும்.

நீங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்துவிடாதீர்கள். கையெழுத்துக்குக் கடைசித் தேதி எதுவென்று பாருங்கள்; அதற்கு நாலு நாள் முன்னதாக அவளுடைய மெயில் போய்விடட்டும்.