கட்டுரை ஏன் பாதியில் நின்றது? நிரலாளர் கேள்வி-பதில்

பெங்களூருவில் தமிழில் நிரலாக்கம் எழுதுகிறவர்களும், அவர்களுக்காகத் தளம் நடத்துகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றுதான்: தளத்தின் டெம்ப்ளேட் ஆங்கிலத்தை வைத்துச் சோதிக்கப்பட்டது, உள்ளே போவது தமிழ்.

கேள்வி: எங்கள் குழுவின் தளத்துக்கு நீளமான கட்டுரை ஒன்றைச் சமர்ப்பித்தேன். சேமித்த பிறகு பார்த்தால் கடைசிப் பகுதியைக் காணோம். மறுபடி ஒட்டினாலும் அதே இடத்தில் நிற்கிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை.
– ஒரு வாசகர், வைட்ஃபீல்ட்

பதில்: "அதே இடத்தில்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. பெரும்பாலும் டேட்டாபேஸில் கட்டுரைக்கான நெடுவரிசை, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் டெக்ஸ்ட் வகையாக இருக்கும். அது கொள்வது 65,535 பைட். எழுத்தைப் பைட்டாக்கிச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (யூனிகோடு தனி எண் தந்திருக்கும் குறிக்கு) மூன்று பைட். "நி" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, உள்ளே ந-வும் இகரக் குறியும் தனித்தனி, ஆக ஆறு பைட். கணக்குப் போட்டால் அந்த நெடுவரிசையில் 21,845 தமிழ்ப் புள்ளிகளுக்கு மேல் போகாது. சொற்களாகப் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம். அதே நெடுவரிசையில் ஆங்கிலக் கட்டுரை பத்தாயிரம் சொல் வரைக்கும் தாராளமாக உட்காரும். அதனால்தான் தளத்தை அமைத்தவருக்கு இது கண்ணில் படவே இல்லை.

மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் ஸ்ட்ரிக்ட் மோட் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அளவு மீறினால் பிழை காட்டி நிறுத்திவிடும். பழைய பதிப்பிலும், அந்த மோடை அணைத்து வைத்திருக்கும் ஹோஸ்டிங்கிலும் சத்தமில்லாமல் வாலை வெட்டிவிட்டு, யாரும் பார்க்காத ஓர் எச்சரிக்கையை மட்டும் போட்டு வைக்கும். நிர்வாகியிடம் சொல்லி நெடுவரிசையை மீடியம்டெக்ஸ்ட்டாக மாற்றச் சொல்லுங்கள். அதன் கொள்ளளவு சுமார் 16 எம்பி, யாரும் நிரப்பப் போவதில்லை. வரைவுகளையும் பழைய திருத்தங்களையும் வைக்கும் டேபிள்கள் தனியாக இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வெட்டுப்பட்ட பகுதி டேட்டாபேஸில் இல்லை, திரும்ப வராது. உங்கள் கணினியில் உள்ள பிரதியிலிருந்து மறுபடி ஒட்டுங்கள்.

கை வைக்கும்போதே கேரக்டர் செட்டையும் (டேட்டாபேஸ் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் "யூடிஎஃப்8" என்று நெடுங்காலம் இருந்தது மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் அதற்குள் அடங்கிவிடுவதால் குறை தெரியாது. யாராவது ஓர் ஈமோஜி போட்டதும் தெரியும். யூடிஎஃப்8எம்பி4க்கு மாறுங்கள். முந்திரி, காணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12இல் சேர்ந்தன, அவற்றுக்கும் நான்கு பைட் வேண்டும். ஊர்க் கணக்கு முறைகளை நிரலாக எழுதிப் பார்க்கும் ஆசை உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால் உதவும்.

கேள்வி: தலைப்புக்கு 60 எழுத்து வரம்பு. நான் 40தான் அடித்திருப்பேன், தாண்டிவிட்டது என்கிறது. ஏன்?
– ஒரு வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. "தமிழ்" என்பதை அது ஐந்து என்கிறது, நமக்கு மூன்று. இன்டல்.செக்மென்டர் என்ற வசதி மூன்று என்றே எண்ணும். 2024இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டதால் எல்லாப் பெரிய பிரவுசரிலும் இருக்கிறது. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் அதுவும் இரண்டிரண்டாகவே பிரிக்கும். தலைப்பு வரம்புக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை. சொல்லப்போனால் வரம்பை 120 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது.

கேள்வி: அண்ணா, எங்கள் தளத்தின் பக்க அமைப்பை முழுசாக மாற்றுகிறோம். மூன்று பத்தி, இரு ஓரமும் சீராக ஜஸ்டிஃபை செய்த எழுத்து, இடது பக்கம் மெனு, வலது பக்கம் புதிய கட்டுரைகள். டிசைனில் அழகாக இருந்தது. உண்மையான கட்டுரையைப் போட்டதும் நெருக்கடியாகவும் ஓட்டை ஓட்டையாகவும் தெரிகிறது. எங்கே கை வைப்பது?
– ஒரு வாசகர், பிடிஎம் லேஅவுட்

பதில்: டிசைனில் இருந்தது மாதிரி ஆங்கில வரிகளாக இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். முதலில் ஜஸ்டிஃபையை எடுங்கள் தம்பி. "பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களுக்கு" என்ற ஒரே சொல் அரை வரியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சமுள்ள இரண்டு சொற்களை இரு ஓரத்துக்கும் இழுத்தால் நடுவில் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? நாளிதழ்களின் குறுகிய பத்தியில் இது சமாளிக்கப்படுவது, சொல்லை வேண்டிய இடத்தில் உடைத்து, ஹைபன்கூடப் போடாமல் அடுத்த வரிக்குத் தள்ளுவதால். பிரவுசர் தானாக அதைச் செய்யாது. இடது ஓரம் சீராக, வலது ஓரம் மேடுபள்ளமாக இருக்கட்டும்.

அடுத்து பத்திகளின் எண்ணிக்கை. கட்டுரைப் பக்கத்தில் மூன்று பத்தி எதற்கு? படிக்க வந்தவருக்கு வேண்டியது கட்டுரை. "புதிய கட்டுரைகள்" பட்டியலைக் கீழே கொண்டுபோங்கள், படித்து முடித்தவர்தான் அடுத்ததைத் தேடுவார். மெனுவை மேலே ஒரு வரியாக்குங்கள். நடுப்பத்தியின் அகலத்துக்கு ஆங்கிலக் கையேடுகள் 65 சிஹெச் என்று சொல்லும். சிஹெச் என்பது அந்த எழுத்துருவில் பூஜ்யத்தின் அகலம். நம்முடைய ண, ஞ, ஐ எல்லாம் பூஜ்யத்தைவிட நன்றாக அகலமானவை, ஆகவே அந்த எண் தமிழுக்குப் பொருந்தாது. வரிக்கு எட்டிலிருந்து பத்துச் சொல் விழுகிற மாதிரி கண்ணால் பார்த்து வையுங்கள். வரி உயரம் 1.7 என்று தொடங்கலாம். மேலே ஈகாரச் சுழியும் கீழே ஊகாரக் காலும் இருப்பதால் ஆங்கிலத்தின் 1.4 நமக்கு மூச்சுத் திணறல். வாசகர் தன் வசதிக்கு வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்காக்கினாலும் எதுவும் மறையக் கூடாது என்று, தளங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையும் கேட்கிறது. அதனால் பெட்டிகளுக்கு நிலையான உயரம் வைக்காதீர்கள்.

பொத்தான்களுக்கு நிலையான அகலமும் வேண்டாம். "சப்மிட்" உட்கார்ந்த இடத்தில் "கட்டுரையைச் சமர்ப்பிக்க" உட்காராது. பேடிங் மட்டும் கொடுத்தால் பொத்தான் தானாக விரியும்.

அப்புறம், கிரிட் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் முறை) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு பொறி. நீளமான நிரல் வரி ஒன்று இருந்தால் 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்று போட்ட பத்தி அந்த வரி அளவுக்குப் பெருத்து, மொபைலில் முழுப் பக்கமும் பக்கவாட்டில் ஆடும். கிரிட்டின் உள்ளே இருக்கும் எதுவும் இயல்பாகத் தன் உள்ளடக்கத்தைவிடச் சுருங்காது என்பதே காரணம். மின்மேக்ஸ் (0, 1எஃப்ஆர்) என்று மாற்றி, நிரல் பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுங்கள். பெட்டி மட்டும் உருளும், பக்கம் அசையாது.

வேலையின் வரிசையையும் மாற்றுங்கள். எல்லோரும் முகப்பிலிருந்து தொடங்குகிறார்கள். தேடுபொறியிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் வருகிறவர் நேராகக் கட்டுரையில் இறங்குகிறார், முகப்பைப் பார்ப்பதே இல்லை. இருக்கிற கட்டுரைகளிலேயே மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள்: நீளமான தலைப்பு, நான்கு நிரல் பெட்டி, ஓர் அகலமான அட்டவணை. அது ஒரு சாதாரண மொபைலில் சரியாக வரும்வரை முகப்பைத் தொட வேண்டாம். மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் நின்றுகொண்டு ஒரு கையால் படிக்க முடிகிறதா என்பது நல்ல சோதனை.

கேள்வி: பக்கம் திறந்து ஒரு நொடி கழித்து எழுத்து மாறுகிறது, எல்லா வரியும் குதிக்கிறது.
– ஒரு வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: வெப் எழுத்துரு தாமதமாக வந்து சேர்கிறது. கூகுளின் அளவுகோலில் இந்தக் குதிப்புக்குச் சிஎல்எஸ் என்று பெயர், 0.1க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். யூனிகோட்-ரேஞ்ச் போட்டுத் தமிழ்ப் பகுதியை மட்டும் இறக்குங்கள், சைஸ்-அட்ஜஸ்ட் கொண்டு மாற்று எழுத்துருவின் அளவை நெருங்கச் செய்யுங்கள், இப்படி வழிகள் உண்டு. ஆனால் என் யோசனை வேறு: கட்டுரை உடலுக்கு வெப் எழுத்துருவே வேண்டாம். ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழும் விண்டோஸில் நிர்மலாவும் ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என்னும் ஏற்கெனவே இருக்கின்றன. எல்லாமே படிக்கத் தகுந்தவை. முக்த மலர், கேட்டமரன் போன்றவற்றின் அழகு தலைப்புக்கு மட்டும் போதும்.

கேள்வி: என் கட்டுரையில் உள்ள நிரலை நகலெடுத்து ஓட்டினால் பிழை வருகிறது என்று வாசகர்கள் சொல்கிறார்கள். என் கணினியில் நன்றாக ஓடியது. இனி நிரலைப் படமாகவே போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், மார்த்தஹள்ளி

பதில்: படம் வேண்டவே வேண்டாம். நகலெடுக்க முடியாது, தேடலில் அகப்படாது, பார்வையற்ற நிரலாளரின் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் சுவர்.

நீங்கள் கட்டுரையை வேர்டில் எழுதி ஒட்டியிருப்பீர்கள். வேர்ட் நேரான மேற்கோள் குறியை வளைத்துவிடும். பைத்தான் உடனே யூ+201சி செல்லாத எழுத்து என்று சொல்லி நிறுத்தும். அதோடு கண்ணுக்குத் தெரியாத யூ+00ஏ0 என்ற பிரியா இடைவெளியும் சேர்ந்து வரும். பார்வைக்குச் சாதாரண இடைவெளிதான், பைத்தானுக்கு அது வேறு. எடிட்டரிலிருந்து நேராக எடுத்து, மார்க்டவுனில் மூன்று பின்மேற்கோளுக்குள் (```) போடுங்கள். அனுப்புவதற்கு முன் தளத்தின் முன்னோட்டத்திலிருந்து நீங்களே நகலெடுத்துப் புதிய ஃபைலில் ஓட்டிப் பாருங்கள். என் கணினியில் ஓடியது என்பது வேறு சோதனை.

கமென்ட்டைத் தமிழில் எழுதலாம், தாராளமாக. ஆனால் இடைவெளி தட்டி வலது ஓரத்தில் நேராக அடுக்காதீர்கள். தமிழ் எழுத்து ஒரே அகலத்தில் அமையாது, வாசகரின் திரையில் கோணலாகத்தான் வரும். கமென்ட் நிரலுக்கு மேல் வரியில் இருக்கட்டும்.

கேள்வி: எப்படிப்பட்ட கட்டுரை அனுப்பினால் ஏற்பார்கள்? "பைத்தான் ஓர் அறிமுகம்" அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது.
– ஒரு மாணவி, ஸ்ரீராமபுரம்

பதில்: அறிமுகம் ஏற்கெனவே நிறைய இருக்கும், அதுதான். நீங்கள் கல்லூரி புராஜெக்டில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஒரு பிழையை எழுதுங்கள். தமிழ்ப் பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது "க்" எங்கே போய் நின்றது, எக்செலில் திறந்த சிஎஸ்வியில் தமிழ் ஏன் குப்பையாகத் தெரிந்தது, இந்த மாதிரி. பிழைச்செய்தியை அப்படியே ஒரு வரி போடுங்கள், தேடுகிறவர் அதைத்தான் அடிப்பார். எந்தப் பதிப்பில் செய்தீர்கள் என்று மேலேயே சொல்லுங்கள். மூன்று வருஷம் கழித்துப் படிப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. முதல் பத்தியில் கணினியின் வரலாறு வேண்டாம். திருப்பி அனுப்பியவரிடம் காரணம் கேட்பதில் தப்பே இல்லை. பெரும்பாலும் சொல்வார்கள்.

கேள்வி: ஐடி கம்பெனியில் வேலை. வேலையில் கற்றதை எழுதலாமா?
– பெயர் வேண்டாம், பெல்லந்தூர்

பதில்: கற்றதை எழுதலாம், கம்பெனியின் நிரலை ஒட்டக் கூடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் பகுதியாகச் செய்த படைப்பின் முதல் உரிமையாளர் முதலாளிதான். உங்கள் நியமன ஒப்பந்தம் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், எடுத்து ஒருமுறை படியுங்கள். உதாரண நிரலை வீட்டில், சொந்தக் கணினியில், வேறு தரவோடு புதிதாக எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர், சர்வர் முகவரி, டேபிள் பெயர் எதுவும் வேண்டாம். மேலாளரிடம் ஒரு மின்னஞ்சலில் சம்மதம் வாங்கி வைப்பது நல்லது.

கேள்வி: பழைய தளத்தில் பாமினி எழுத்துருவில் எழுதிய கட்டுரைகள் கிடக்கின்றன. புதிய அமைப்புக்குக் கொண்டுவர முடியுமா?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: முடியும், மாற்றிகள் இருக்கின்றன. பார்க்க வேண்டியது இரண்டு. பாமினியில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். எழுத்துக்கு எழுத்து மாற்றும் சோம்பேறி மாற்றி இங்கே குழப்பும். இரண்டாவது, "கொ" என்பதைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு இரண்டு. எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிச் சேமியுங்கள். ஔவை என்று வர வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் சேர்ந்து "ஒளவை" என்று கிடப்பதை மட்டும் என்எஃப்சி திருத்தாது, கையால்தான். நிரல் பகுதிகளை மாற்றிக்குள் விடாதீர்கள். அங்குள்ள ஆங்கிலத்தையும் தமிழாக்கிவிடும்.

கேள்வி: கட்டுரையின் முகவரி தமிழில் இருக்கலாமா?
– ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்ட் சாலை

பதில்: இருக்கலாம், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் விழுக்காட்டுக் குறிகளாக விரியும். "க" ஒன்றுக்கே ஒன்பது குறிகள், "கணினி" என்ற சொல்லுக்கு 45. குழுவில் பகிர்ந்தால் நாலு வரிக்கு நீளும். நானாக இருந்தால் ஓர் எண்ணையும் சிறிய ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து வைப்பேன். எதை வைத்தாலும் பிறகு மாற்றாதீர்கள்; தளத்தின் புதிய அமைப்பில் முகவரி மாறியே ஆக வேண்டும் என்றால் பழையது ஒவ்வொன்றுக்கும் 301 திருப்பல் (வருகிறவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாக அனுப்புவது) போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது திருப்பாததற்குச் சமம்.

கேள்வி: கட்டுரை தமிழ், நடுவில் சில வரி கன்னடம். ஏதாவது செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகர், ஜெயநகர்

பதில்: எச்டிஎம்எல்லில் மொழியைக் குறிக்கும் லேங் போதும்: பக்கத்துக்கு லேங் "டிஏ", அந்த வரிகளுக்கு மட்டும் லேங் "கேஎன்". ஸ்கிரீன் ரீடர் குரலை மாற்றிக்கொள்ள அது வழி காட்டும். எழுத்துருப் பட்டியலில் கன்னடத்துக்கும் ஒன்று சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: முக்கியமான சொற்களைச் சாய்வெழுத்தில் போடலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்வு வடிவமே கிடையாது, பிரவுசர் நேரான எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடுகிறது. தடித்த எழுத்து போதும். அடிக்கோடு என்றால் டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட் கொடுத்துச் சற்றுக் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் கு-வும் மு-வும் கோட்டில் மாட்டிக்கொள்ளும்.