பீனிக்ஸுக்குக் குடிவருகிறவர்கள் கேட்டவை: சாண்ட்லரிலிருந்து பதில்கள்

அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களிலிருந்து அரிசோனாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் இப்போது அதிகம். பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இன்டெல், வடக்கு பீனிக்ஸில் டிஎஸ்எம்சி என்று சிப் கம்பெனி வேலை இழுத்து வருகிறது. இங்கே பல வருடமாகக் குடும்பத்தோடு இருப்பவள் என்பதால் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

சியாட்டிலிலிருந்து: அக்கா, அவருக்கு சாண்ட்லரில் வேலை கிடைத்திருக்கிறது. ரெண்டு பேருமே சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கள். வெயில் எங்களுக்குப் புதிதில்லையே, சமாளித்துவிடலாம்தானே?

சமாளிக்கலாம். ஆனால் சென்னை அனுபவத்தை நம்பி வராதீர்கள்மா. அங்கே கசகசவென்று வியர்த்துக் கொட்டும். உடம்பு தண்ணீர் கேட்பது தெரியும். இங்கே ஜூன் மாதத்தில் காற்றின் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே போகும். வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும், சட்டை நனையாது. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே நீர் வற்றிக்கொண்டிருக்கும். முதலில் தலைவலி, பிறகு காரணமில்லாத எரிச்சல், அசதி. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட நீர்மோர் தினமும் இருக்கட்டும்.

இன்னொன்று இரவு. சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து கொஞ்சம் ஆற்றும். இங்கே ஜூலையில் சில இரவுகள் 90 பாரன்ஹீட்டுக்கு (32 செல்சியஸ்) கீழே இறங்குவதே இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட்டும் தார்ச்சாலையும் விடிய விடியச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். 2023-இல் ஜூன் 30 தொடங்கி 31 நாள் தொடர்ந்து 110 பாரன்ஹீட்டை (43 செல்சியஸ்) தொட்டது அல்லது தாண்டியது. அந்த ஒரு வருடத்தில் பீனிக்ஸும் சாண்ட்லரும் அடங்கிய மாரிகோபா கவுண்டியில் மட்டும் வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள். வயதானவர்கள், வீடில்லாதவர்கள், ஏசி ஓடாத வீட்டில் தனியாக இருந்தவர்கள் அதில் நிறைய.

இங்கே ஏசி என்பது வெறும் வசதிக்கானது இல்லை. மினசோட்டாவில் ஜனவரியில் ஹீட்டர் எப்படியோ, இங்கே ஜூலையில் ஏசி அப்படி. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் வீடு, கார், பயணம், பெற்றோர் வருகை எல்லாவற்றையும் சரியாகத் திட்டமிடுவீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுக்குள், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெளியில். பொங்கலன்று கொல்லையில் பானை வைக்க இதைவிட நல்ல காலநிலை அமெரிக்காவில் அதிக இடங்களில் கிடைக்காது.

நியூஜெர்சியிலிருந்து: எந்த மாதம் வருவது நல்லது? ரெண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள்.

மனம் கேட்டால் அக்டோபர் என்பேன். ஆனால் சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் பள்ளிகள் ஜூலைக் கடைசியிலேயே திறந்துவிடும், செப்டம்பர் இல்லை. அதனால் பிள்ளைகள் உள்ளவர்கள் பெரும்பாலும் கொடும் வெயிலில்தான் வந்து இறங்குகிறார்கள். முடிந்தால் மே மாதத்திலேயே வந்துவிடுங்கள்.

ஜூலைதான் என்றால் சாமான் இறக்குவதை விடியற்காலை வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே மின் இணைப்பு வாங்கி ஏசியை ஓட விடுங்கள். பூட்டிக் கிடந்த வீடு குளிர ஒரு நாள் கூட ஆகும். மருந்து, இன்சுலின், மெழுகுவர்த்தி, பிள்ளைகளின் கிரேயான் எதையும் லாரியில் ஏற்றாதீர்கள். கறிவேப்பிலைத் தொட்டியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்துச் செடிகளை மாநிலம் விட்டு மாநிலம் எடுத்துப்போகப் பூச்சி, நோய் காரணமாகக் கட்டுப்பாடு இருக்கிறது. இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

பாஸ்டனிலிருந்து: மேடம், வீடு வாங்கப் போகிறோம். மாமியார் கிழக்கு பார்த்த வாசல்தான் வேண்டும் என்கிறார். இங்கே வேறு எதைப் பார்க்க வேண்டும்?

கிழக்கு வாசல் என்றால் கொல்லைப்புறம் மேற்கு. இதுதான் இந்த ஊரில் சிக்கல். அரிசோனாவில் கோடைக்குக் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை (வடகிழக்கில் நவஹோ நிலப்பகுதி மட்டும் விதிவிலக்கு), ஜூன் கடைசியில் சூரியன் ஏழே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும். அதற்கு முன் மூன்று மணியிலிருந்து தாழ்ந்து இறங்கும் வெயில் முழுக்கக் கொல்லைக் கதவிலும் பின்பக்க ஜன்னல்களிலும் நேராக அடிக்கும். கூடத்தின் பெரிய கண்ணாடிக் கதவு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

மாமியாரிடம் வடக்கு வாசலைப் பற்றிப் பேசிப் பாருங்கள். குபேர திசை என்று வாஸ்து பார்ப்பவர்களும் ஏற்றுக்கொள்வார்கள். வடக்கு வாசலுக்குக் கொல்லை தெற்கு. கோடையில் சூரியன் உச்சியில் இருப்பதால் கூரை போட்ட தாழ்வாரம் நிழல் கொடுத்துவிடும். டிசம்பரில் சாய்ந்து வரும் வெயில் இதமாக உள்ளே வரும். இங்கத்திய வீட்டுத் தரகர்களே வடக்கு-தெற்கு வீடு என்று சொல்லித்தான் விலை பேசுவார்கள். கிழக்குதான் முடிவு என்றால் மேற்கு ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் வெயில் தடுக்கும் வலைத்திரை போட்டு, கொல்லையில் நிழல் மரம் வைக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கக் காலையில் போகாதீர்கள். மாலை நாலு மணிக்குப் போங்கள். மாடியில் மேற்குப் பக்கப் படுக்கையறையில் பத்து நிமிஷம் நில்லுங்கள். ஜன்னல் கண்ணாடியிலும் பக்கத்துச் சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு வெளியே வந்து ஏசி இயந்திரத்தின் பக்கவாட்டுத் தகட்டில் உற்பத்தி வருடத்தைப் படியுங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் விலையில் பேசுங்கள். இந்த ஊரில் அது ஓய்வே இல்லாமல் உழைக்கும் இயந்திரம். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி ஏசி உள்ள வீடு கிடைத்தால் விடாதீர்கள். ஒன்று நின்றாலும் குடும்பம் இன்னொரு தளத்தில் படுத்துக்கொள்ளலாம்.

தண்ணீரையும் கேளுங்கள். பீனிக்ஸ் வட்டாரத்தில் புதுக் குடியிருப்புகளுக்கு நூறு வருடத் தண்ணீர் உறுதி காட்ட வேண்டும் என்பது 1980-ஆம் வருட நிலத்தடி நீர்ச் சட்டத்திலிருந்து வருவது. நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புது மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தருவதை 2023 ஜூனில் மாநிலம் நிறுத்தியது. அதே வருடத் தொடக்கத்தில் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற இடத்துக்கு லாரித் தண்ணீர் கொடுப்பதை ஸ்காட்ஸ்டேல் நகரம் நிறுத்தி, அங்கிருந்தவர்கள் மிகவும் அவதிப்பட்டார்கள். நகர எல்லைக்குள் மாநகராட்சிக் குழாய் வரும் வீடா, தனி கிணறா, லாரியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் பெரிய மனையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

போர்ட்லண்டிலிருந்து: கரண்ட் பில் எவ்வளவு வரும்?

வீட்டின் அளவையும் திட்டத்தையும் பொறுத்தது. இங்கே மின்சாரம் தருவது எஸ்ஆர்பி, ஏபிஎஸ் என்ற இரண்டு நிறுவனங்கள்; உங்களுக்கு எது என்பதை உங்கள் முகவரிதான் முடிவு செய்யும், நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டத்தில் மாலை நேரம்தான் விலை கூடியது; ஏபிஎஸ்ஸில் வார நாட்களில் 4 முதல் 7 வரை. அதற்கு முன்பே வீட்டை நன்றாகக் குளிரவைத்துவிட்டு, அந்த நேரத்தில் துணி உலர்த்தும் இயந்திரம், ஓவன், கார் சார்ஜ் எதையும் ஓடவிடாமல் இருந்தால் பில் கணிசமாகக் குறையும். மாவு அரைப்பது, குக்கர் வைப்பதெல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

அதே அன்பர்: ஏசி நின்றுபோனால் என்ன செய்வது?

இதற்கு இப்போதே திட்டம் வேண்டும், நின்ற பிறகு இல்லை. மார்ச்சில் ஒருமுறை சர்வீஸ் செய்துவிடுங்கள். ஃபில்டரைக் கோடையில் மாதா மாதம் மாற்றுங்கள். சூட்டில் முதலில் போவது பெரும்பாலும் கெப்பாசிட்டர் என்ற சின்னப் பாகம். விலை குறைவு, மெக்கானிக் வருவதுதான் தாமதம். ஜூலையில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் கெடும். அதனால் எந்த நண்பர் வீடு, எந்த ஹோட்டல் என்று முன்பே பேசி வையுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் வீட்டில் இருந்தால் மெக்கானிக்குக் காத்திருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

மதுரையிலிருந்து, மகனைப் பார்க்க வரும் ஒரு பெரியவர்: அம்மா, ஜூன் மாதம் டிக்கெட் பார்க்கிறோம். எனக்கு 71 வயது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. தினமும் நடப்பேன்.

ஐயா, தயவுசெய்து தேதியை மாற்றுங்கள். அக்டோபரில் வந்து மார்ச்சில் திரும்பினால் நவராத்திரி, தீபாவளி, பொங்கல் மூன்றும் பேரப்பிள்ளைகளோடு கிடைக்கும், தினமும் நடக்கவும் செய்யலாம். பிரஷருக்குத் தருகிற மாத்திரைகளில் சில, உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுபவை. இந்த ஊர் வெயிலில் அவை ஆபத்தாகலாம். உங்கள் மருத்துவரிடம் ஊரின் பெயரையும் வெப்பநிலையையும் சொல்லிக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கோடையில்தான் வர நேர்ந்தால் நடையை விடியுமுன் முடித்துவிடுங்கள், அல்லது மாலுக்குள் நடங்கள். வெறுங்காலோடு வாசலில் பேப்பர் எடுக்கக்கூடப் போகக் கூடாது. மதியத்தில் தார்ச்சாலையும் சிமெண்டும் சில நொடியில் தோலைப் பொசுக்கும். தடுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போவது ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் சுடுவதே தெரியாது. மாரிகோபா ஊரில் மகா கணபதி கோயில் இருக்கிறது, கட்டாயம் போக வேண்டிய இடம். கோடையில் காலையிலேயே போங்கள், கெட்டியான காலுறை எடுத்துப் போங்கள்.

சிகாகோவிலிருந்து: வேலி ஃபீவர் என்கிறார்களே, அது என்ன?

இதை யாரும் கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்று நினைத்தேன். இந்த மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சையின் வித்து தூசியோடு மூச்சில் போய் நுரையீரலைப் பிடிப்பது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், இரவு வியர்வை, வாரக்கணக்கில் தீராத அசதி. அமெரிக்காவில் பதிவாகும் நோயாளிகளில் பெரும் பங்கு அரிசோனாவில்தான்.

சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். பூஞ்சைக்கு அது வேலை செய்யாது. குணமாகவில்லை என்றால் நீங்களே வாய்விட்டு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் இருமல் வந்தால் அங்கே முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள், எக்ஸ்ரேயும் அப்படியே காட்டலாம். அரிசோனாவில் இருக்கிறோம், அங்கே இந்த நோய் உண்டு என்று அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும், சர்க்கரை நோயாளிகளும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் புழுதிக் காற்று நாளில் வெளியே போகாமல் இருப்பது நல்லது.

டென்வரிலிருந்து: தேள் இருக்குமாமே! கைக்குழந்தை இருக்கிறது அக்கா.

இருக்கும். பார்க் ஸ்கார்பியன் என்ற சிறிய, வைக்கோல் நிறத் தேள்தான் கவனிக்க வேண்டியது, சுவரேறும். புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும், அதனால் இரவில் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். தொட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், போர்வை தரையைத் தொட வேண்டாம், கதவடி இடைவெளியை அடையுங்கள், செருப்பை உதறிப் போடுங்கள். பெரியவர்களுக்கு வலியோடு போய்விடும். குழந்தைக்குக் கொட்டி, கண் தாறுமாறாகச் சுழல்வது, எச்சில் வழிவது, உடம்பு துள்ளுவது தெரிந்தால் 911. சந்தேகத்துக்கு 1-800-222-1222, நச்சு உதவி எண். விஷமுறிவு மருந்து இருக்கிறது.

வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் தேளைவிட அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் சுற்றிலும் ஐந்தடித் தடுப்பு சட்டப்படியே வேண்டும். வாங்கும்போதே போட்டுவிடுங்கள்.

மினியாபொலிஸிலிருந்து: பனியில் ஓட்டிப் பழக்கம். இங்கே கார் ஓட்ட என்ன தெரிய வேண்டும்?

தம்பி, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன். புழுதிச் சுவர் எழும்பி வரும், குறிப்பாக டூசானுக்குப் போகும் ஐ-10 சாலையில். உள்ளே மாட்டினால் சாலையை விட்டு முழுவதும் ஓரம் இறங்குங்கள், எல்லா விளக்கையும் அணையுங்கள், ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு காலை பிரேக்கிலிருந்து எடுங்கள். விளக்கெரிந்தால் பின்னால் வருபவர் அதைத் தொடர்ந்து வந்து மோதுவார். பனியில் பழகிய கை விளக்கைப் போடத்தான் போகும், அதை மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளம் ஓடும் இடத்தில் தடுப்பைத் தாண்டி ஓட்டி மாட்டினால் மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்கச் சட்டம் இருக்கிறது.

பேட்டரி இங்கே இரண்டு மூன்று வருடம்தான். காரில் எப்போதும் தண்ணீர். குழந்தையை ஒரு நிமிஷம்கூட உள்ளே விட்டுப் போகாதீர்கள். கார் சீட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

டெட்ராய்ட்டிலிருந்து: எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், அதே கம்பெனி, இடம் மட்டும் மாறுகிறது.

வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால், நீங்கள் இங்கே வேலை தொடங்குமுன் கம்பெனி திருத்திய மனு போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் வக்கீலிடம் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

போர்ட்லண்ட் அன்பர் மறுபடி: தோட்டம் போட முடியுமா?

முருங்கை இந்த ஊருக்கென்றே பிறந்தது போல வளரும். டிசம்பர் உறைபனியில் மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் மதிய நிழல் கட்டாயம். ஆனால் கோடையில் எதையும் நடாதீர்கள், அக்டோபரில் நடுங்கள். வத்தல், வடாம் ஒரே நாளில் காய்ந்துவிடும். மான்சூன் மாதங்களில் மட்டும் புழுதி வருமா என்று பார்த்துப் போடுங்கள். உறைபனி எச்சரிக்கை வந்த இரவில் கறிவேப்பிலையைப் பழைய பருத்திப் புடவையால் மூடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், அது பட்ட இலையெல்லாம் கருகிவிடும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.