நேர்ந்துவிட்ட பிள்ளை

அன்புள்ள அண்ணா,

எனக்கு 23 வயது. எலத்தகிரிப் பக்கம் ஊர். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறேன். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். "பிள்ளை பிழைத்தால் சாமியாராக்கி உனக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டார். பைபிளில் அன்னா தன் மகன் சாமுவேலை ஆலயத்துக்குக் கொடுத்த மாதிரி என்று அடிக்கடி சொல்வார். பூசையில் நிற்கும்போது எனக்கும் குருவாகப் போக வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அது என் ஆசையா, அம்மா சொல்லிச் சொல்லி வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. கூட வேலை செய்கிற ஒரு பெண்ணையும் பிடித்திருக்கிறது. நான் போகாவிட்டால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறியதாகுமா?

பெயர் வேண்டாம், ஓசூர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. நேர்ந்துகொண்டது அம்மா. நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1193. அம்மாவுக்கு மனசு உறுத்தினால், தகுந்த காரணத்துக்காக உங்கள் ஊர்க் கோயில் சாமியாரான பங்குத்தந்தையே அவரை அதிலிருந்து விடுவிக்கலாம், வேறொரு நற்செயலாக மாற்றியும் கொடுக்கலாம். இது உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. இருபது வருஷமாக அந்தப் பாரத்தை அவரும் சுமந்துகொண்டிருக்கிறார்.

அன்னா கதையை இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிப் படியுங்கள். அவள் பிள்ளையைச் சீலோ என்ற ஊரின் ஆலயத்தில் விட்டாயிற்று, சிறுவன் அங்கேயே வளர்கிறான். அப்படியும் சாமுவேல் இன்னும் ஆண்டவரை அறியவில்லை என்று வருகிறது. அம்மா கொடுத்ததோடு காரியம் முடியவில்லை. ராத்திரியில் ஆண்டவரே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆலயக் குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து மூன்று தடவை அவரிடம் ஓடிய பையன், நாலாவது தடவைதான் "பேசும், உம் அடியேன் கேட்கிறேன்" என்று தானே வாய் திறந்து சொன்னான். உங்கள் அம்மாவின் ஜெபம் உங்களைப் பீடத்துக்குப் பக்கம் வரை கொண்டுவந்திருக்கிறது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் பெரியப்பா மகன். அவரையும் நேர்ந்துவிட்டிருந்தார்கள். பத்தாவது முடித்ததும் சாமியாராகப் படிக்கிற குருமடம் போனவர், ஒன்பதாம் வருஷம் ஒரு மே மாதம் திரும்பி வந்தார். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் நாலு மணிக்கே இறங்கிவிட்டார். டிரங்குப் பெட்டியோடு யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்து, இருட்டிய பிறகுதான் ஊருக்குப் பஸ் ஏறினார். பெரியம்மா பெட்டியைத் திறந்தார். மேலாக இருந்த வெள்ளை அங்கியை எடுத்துப் பிரித்தார். அதே மடிப்பில் மறுபடி மடித்து உள்ளே வைத்தார். அப்புறம் சோறு போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் பேசியது. "பாதியில ஓடி வந்தவன்" என்று பல வருஷம் பேசியது. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. அண்ணன் செய்தது தப்பே இல்லை. தத்துவம், களப்பணி, நாலு வருஷ இறையியல், குருவுக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டம், அதற்கப்புறம் ஆறு மாதமாவது கழித்துக் குருப்பட்டம், அதுவும் 25 வயது நிறைந்தபின் என்று இத்தனை படி வைத்திருப்பதே, போகிறவரும் பார்க்கட்டும், திருச்சபையும் பார்க்கட்டும் என்றுதான். யாரையும் எந்த விதத்திலும் பட்டத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1026ஆம் சட்டமே இருக்கிறது. ஊர்க்காரர்கள் யாரும் அதைப் படித்ததில்லை.

சரி, எது யாருடைய ஆசை என்று எப்படிப் பிரிப்பது? 1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனா சண்டையில் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்திருந்த, பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாருக்கும் இந்தக் குழப்பம் வந்தது. ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் வீரச்செயல்களை மணிக்கணக்கில் நினைப்பார். புனிதர்களைப் போல வாழ்வதையும் நினைப்பார். நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. முதலாவது கலைந்ததும் மனசு வறண்டுபோனது, இரண்டாவது கலைந்த பிறகும் சந்தோஷம் தங்கியிருந்தது. அந்த வித்தியாசத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். நீங்கள் பூசையில் வருகிற உணர்வைக் கணக்கில் எடுக்காதீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து, ஜன்னலில் தலை சாய்த்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் அம்மா இல்லாதபோது, அந்த எண்ணம் என்னவாக இருக்கிறது? பயமா, குற்ற உணர்ச்சியா, நிம்மதியா? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள்.

அந்தப் பெண்ணைப் பிடித்திருப்பதால் குருவாகும்படி ஆண்டவரின் அழைத்தல் இல்லை என்று ஆகிவிடாது. முடிவு தெரியும்வரை அவருக்கு எந்த வாக்கும் கொடுக்காதீர்கள், அது போதும்.

குருப்பட்ட நாளின் மாலையையும் மேளத்தையும் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். தர்மபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் அதில் அடக்கம். கத்தோலிக்கரான நம் ஆட்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கிற பகுதி. ஒரு வாரம் லீவு போட்டு, சாமியாரிடம் கேட்டு அவரோடேயே இருங்கள். கிளைக் கிராமத்தில் பத்துப் பேருக்குப் பூசை, கல்லறைத் தோட்டத் தகராறு, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதலுக்கு நடு ராத்திரியில் பைக்கில் போவது என்று எல்லாம் பார்க்கலாம். திரும்பி வந்தால் மூடி வைத்த தட்டில் சோறு ஆறிப்போயிருக்கும், எதிர் நாற்காலியில் ஆள் இருக்காது. அந்த நாற்காலியில் அந்த வாரம் நீங்கள் உட்கார்ந்து அவரோடு சாப்பிடுங்கள். இதில் எது கஷ்டம், எது சந்தோஷம் என்று அவரிடமே கேளுங்கள்.

அதற்கு முன்னால், வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நேர்ச்சை விஷயத்தை அம்மாவே சொல்லட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள்.